காலிலிருந்து தொடங்குங்கள்

“அப்பா வைத்திருந்த ஜான்சன் அவுட்போர்டு பத்து வருஷமாகத் தாழ்வாரத்தில் சாக்கு சுற்றிக் கிடக்கிறது. வீட்டிலேயே பிரித்துப் பூட்டிவிடலாமா?” என்று கேட்கிறார் வீராம்பட்டினத்து வாசகர் ஒருவர்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் கையில் ஸ்பானர் கிடைத்ததும் ஹெட்டைக் கழற்றத் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. கடலில் ஓடிய மோட்டாருக்கு முதல் வியாதி காலில்தான், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியில்தான் வரும். உப்பு அங்கேதான் தங்குகிறது. கீழிருந்து மேலே வாருங்கள்.

அதற்கு முன் ஸ்பானர். பழைய ஜான்சன், எவின்ரூட் எல்லாம் அமெரிக்க மோட்டார்கள், இஞ்ச் கணக்கு நட்டுகள். நம் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய இரும்புக் குவியலைக் கிளறுங்கள், இஞ்ச் ஸ்பானர் அகப்படும். இறுகிய போல்ட்டை ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் லேசாகச் சூடு காட்டி, முதலில் ஒரு மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட்டு உப்போடு சேர்ந்து வருஷக்கணக்கில் ஊறியிருக்கிறது, உங்கள் அவசரத்துக்கு வராது. தலை முறிந்தால் தட்டாஞ்சாவடிப் பக்கம் லேத் பட்டறைக்குப் போய்விடுங்கள். வீட்டு டிரில்லால் தோண்டி மரையைக் கெடுத்தவர்கள் பலர்.

இனி கால். கியர் பாக்ஸின் அடித் துளையைத் திறந்து எண்ணெயை வடியுங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் ஆயில் சீல் போய்விட்டது, தண்ணீர் ஏறியிருக்கிறது. சீலின் முகத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அளவையும் எடுத்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள்; கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள். எவின்ரூட் தயாரிப்பே 2020இல் நின்றுவிட்டது. புது எண்ணெயை மேலிருந்து ஊற்றாதீர்கள், காற்று அடைத்துக்கொள்ளும். அடித் துளையில் ஏற்றி, மேல் துளையில் வழிந்ததும் மேலே மூடி, அதன் பிறகு கீழே மூடுங்கள்.

காலை இறக்கும்போது கியர் கம்பியின் இணைப்பை விடுவிக்க மறந்தால் கம்பி வளையும். தண்ணீர் பம்பின் இம்பெல்லர் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். பத்து வருஷம் ஒரே பக்கம் மடிந்து கிடந்த ரப்பர் இனி நிமிராது. அது வெளியே இருக்கும்போதே மேலே ஏறும் செப்புக் குழாயில் ஹோஸைச் செருகி நல்ல தண்ணீர் விடுங்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அது வேண்டாம். பூட்டும்போது ஷாஃப்டின் பக்கப் பற்களுக்கு மட்டும் கிரீஸ். மேல் முனையில் அப்பினால் ஷாஃப்ட் முழுதாக உட்காராது.

இப்போது மேலே வரலாம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள். கயிறு இழுக்காமல் ஃபிளைவீலைக் கையால் அசைத்துப் பாருங்கள். சுற்றினால், பிளக் வயர்களை பாடியில் எர்த் செய்துவிட்டு கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள். நல்ல அழுத்தம் இருந்து, இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் என்றால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். பாயின்ட் இடைவெளி அந்தக் காலத்து ஜான்சனுக்குப் பெரும்பாலும் 0.020 அங்குலம். அதைப் பார்க்க ஃபிளைவீலை எடுக்க நேர்ந்தால் புல்லர் வாங்குங்கள். நான் ஒரு முறை சுத்தியலால் தட்டி எடுத்தேன். ஃபிளைவீல் வந்தது, கிராங்க் ஷாஃப்டின் மரை போனது.

கார்பரேட்டரில் ஒரு புதுச் சிக்கல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஜான்சன்களில் மிதவை தக்கையால் ஆனது, மேலே அரக்கு வார்னிஷ். அரக்கை எத்தனால் கரைத்துவிடும். கரைந்தது ஜெட்டில் போய் அடையும். பிளாஸ்டிக் மிதவைக்கு மாறுங்கள், எரிபொருள் ஹோஸையும் மாற்றுங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

எண்ணெய்க் கலவைக்கு மாடல் வருஷம் முக்கியம். 1964 தொடங்கி வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 50:1, லிட்டருக்கு 20 மில்லி. அதற்கு முந்தியவற்றுக்குப் பெரும்பாலும் 24:1, லிட்டருக்கு சுமார் 42 மில்லி. ஸ்கூட்டருக்கான 2டி ஆயில் ஆகாது, டிசி-டபிள்யூ3 என்று போட்டது வேண்டும்.

ஓட்டிப் பார்க்க 200 லிட்டர் டிரம் போதும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, அதற்கு மேலே இருக்கும் தட்டு மூழ்கும்வரை தண்ணீர் நிரப்பி, திறந்த வெளியில் ஓட்டுங்கள், புகை விஷம். தண்ணீரில்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்ட வேண்டாம், புது இம்பெல்லர் கருகிவிடும். பழைய ஜான்சன் பலவற்றில் தண்ணீர் பீய்ச்சும் துளை தனியாக இருக்காது. பின்பக்கத் துளையில் புகையோடு நீர்த்துளி தெறித்தால் பம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

முதல் ஓட்டத்தை அரியாங்குப்பம் ஆற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், முகத்துவாரம் தாண்ட வேண்டாம். மோட்டார் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் படகில் துடுப்பு இருக்கட்டும்.