இயற்கை வைத்த வித்தியாசம் எது? நாம் வைத்த வித்தியாசம் எது?

(இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஊக்குநரோ, படிக்கத் தெரிந்த உறுப்பினரோ சத்தமாக வாசிக்கவும்.)



"ஆம்பள ஆம்பளதான், பொம்பள பொம்பளதான். இயற்கையே அப்படித்தான் படைச்சிருக்கு." இந்தப் பேச்சை வீட்டிலும் கேட்கிறோம், வெளியிலும் கேட்கிறோம். அப்படியென்றால் இயற்கை எவ்வளவு வித்தியாசம் வைத்திருக்கிறது? கணக்குப் பார்த்துவிடுவோமா?

முதலில் ஒரு பயிற்சி

ஒரு சார்ட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று பெண்ணால் மட்டுமே முடிவது, இன்னொன்று ஆணால் மட்டுமே முடிவது. எல்லோரும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

சமையல் பெண் வேலை என்பீர்கள். கல்யாண வீட்டில் அண்டா வைத்துச் சமைப்பது யார்? தையல் பெண் வேலை என்பீர்கள். ஆவடி ஓ.சி.எஃப். தொழிற்சாலையில் பட்டாளத்து யூனிபார்ம் தைப்பவர்களில் ஆண்கள் இல்லையா? வீட்டில் சும்மா செய்தால் பெண் வேலை, சம்பளம் வந்தால் ஆண் வேலை! இதில் இயற்கை எங்கே வந்தது?

அடித்து அடித்துக் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பெண்ணுக்கு மாதவிலக்கு, கருத்தரிப்பது, பிள்ளை பெறுவது, தாய்ப்பால் கொடுப்பது. ஆணுக்கு விந்து உண்டாவது. சராசரியாகப் பார்த்தால் ஆணுக்கு உயரமும் தசை பலமும் கூடுதல். பெண்ணுக்கு ஆயுள் கூடுதல். இது 'பால்' வேறுபாடு, உடம்போடு வருவது. (இரண்டு கட்டத்திலும் அடங்காத உடலோடு பிறப்பவர்களும் உண்டு. அதுவும் இயற்கைதான்.) மற்றதெல்லாம் ஊர் பழக்கியது. அதற்குப் பெயர் 'பாலினம்' வேறுபாடு.

சரி, இயற்கை வைத்த இந்தக் கொஞ்சத்தையாவது நாம் ஒழுங்காக மதிக்கிறோமா? மூன்று விஷயத்தைப் பாருங்கள்.

1. பொம்பளப் புள்ள பொறந்தா யார் காரணம்?

தாயின் கருமுட்டையில் எப்போதும் 'எக்ஸ்' என்ற குரோமோசோம்தான் இருக்கும். தந்தையின் விந்தணுவில் இரண்டு வகை உண்டு. 'எக்ஸ்' உள்ள அணு சேர்ந்தால் பெண், 'ஒய்' உள்ள அணு சேர்ந்தால் ஆண். அம்மா கையில் ஒரே வகை விதை. வித்தியாசம் அப்பாவிடமிருந்துதான் வருகிறது.

இதை 1905-ல் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நெட்டி ஸ்டீவன்ஸ். அமெரிக்க விஞ்ஞானி, அவரும் ஒரு பெண். நம் வீட்டு மாவில் நெளியுமே, அது மாதிரி ஒரு மாவுப்புழுவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் "மூணாவதும் பொட்டையா பெத்துட்டா" என்று மருமகளைத்தான் ஏசுகிறோம்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். எந்த அணு போய்ச் சேரும் என்பது அவர் கையிலும் இல்லை. குற்றம் இருவர் மீதும் இல்லை. பெண் பிறப்பது குற்றமே இல்லை.

இந்தத் தப்பான எண்ணத்தால் நம் மாநிலத்தில் போன உயிர்கள் கொஞ்சமல்ல. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. அப்படியும் 2011 மக்கள்தொகைக் கணக்கில், தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். இயற்கையாக விட்டால் பெண் சிசுவுக்குத்தான் பிழைக்கும் சக்தி அதிகம். அப்படியும் இந்தக் கணக்கு!

2. ரத்தம் போவது யாருக்கு? முட்டை யாருக்கு?

மாதவிலக்கில் மாதாமாதம் ரத்தம் போகிறது. பிரசவத்தில் இன்னும் போகிறது. அதனால் இரும்புச்சத்து பெண்ணுக்குத்தான் கூடுதலாக வேண்டும். இது இயற்கை. நம் வீட்டில் நடப்பது என்ன? "வளர்ற பையன்" என்று முட்டை அவனுக்கு, ஈரல் வறுவல் அப்பாவுக்கு, சட்டியில் ஒட்டியது அம்மாவுக்கு. காலையில் அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கும் அவசரத்தில் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். 15 முதல் 49 வயதுக்குள் நாட்டில் 100 பெண்களில் 57 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கும் மேல். மூச்சு வாங்குவதும் தலை சுற்றுவதும் "பொம்பள உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விடும் விஷயமல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக்கூடாது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக்கூடாது.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுவரொட்டி சாப்பிடுங்கள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். பள்ளியில் வாரம் ஒருநாள் கொடுக்கும் நீல மாத்திரையை மகள் விழுங்குகிறாளா, பையில் போட்டு வருகிறாளா என்று கேளுங்கள்.

3. ஆபரேஷன் யாருக்குச் சுலபம்?

கருத்தடைக்குப் பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கு அது வெளியிலேயே இருக்கும் சின்னக் குழாய். தழும்பில்லா வாசக்டமி என்றால் மரத்துப்போக ஒரு ஊசி, கொஞ்ச நேர வேலை, அன்றே வீடு திரும்பலாம். (பிறகு மூன்று மாதம் வரை வேறு தடுப்பு வேண்டும். பரிசோதனை செய்து டாக்டர் சொன்ன பிறகே விடலாம்.) உடம்பின் வித்தியாசத்தைப் பார்த்தால் ஆண் செய்துகொள்வதே சுலபம். ஆனால் அதே ஆய்வில், நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு சுமார் 38 பேர் தாங்களே ஆபரேஷன் செய்தவர்கள். கணவர் செய்துகொண்டது 1000-க்கு 3 பேர்தான்!

"பலம் போயிடும், வேலை செய்ய முடியாது" என்பது பயம், உண்மையல்ல. ஆண்மைச் சுரப்பு குறையாது, ஆசையும் போகாது. 1975-77 நெருக்கடி காலத்தில் வடநாட்டில் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கட்டாயமாகச் செய்ததும் இந்தப் பயம் நிலைக்க ஒரு காரணம். கட்டாயம் யாருக்கும் கூடாது. ஆனால் "யார் செய்துகொள்வது?" என்று இருவரும் சேர்ந்து பேசலாமே.

பாடத்தின் சாரம்: இயற்கை வைத்த வித்தியாசம் கொஞ்சம். அது பெண்ணுக்கு அதிகச் சாப்பாடும் ஓய்வும் கேட்கிறது. பெண்ணைக் குறைத்து வைக்கச் சொல்லவில்லை.

கூட்டத்தில் பேசுவோம்

• உங்கள் சார்ட்டில் கடைசியில் என்னென்ன மிஞ்சியது?
• உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஏன்?
• பெண் பிள்ளை பெற்றதற்காகப் பேச்சு வாங்கும் பெண் உங்கள் தெருவில் இருக்கிறாரா? அவர் மாமியாரிடம் குழு சார்பில் போய்ப் பேசப்போவது யார்?
• எல்லா உறுப்பினரும், அவர்களுடைய மகள்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் தேதியை முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.