கார் பெயிண்டில் கீறல்: ரப்பிங் போடுமுன் கவனிக்க வேண்டியவை



கொள்முதலுக்கும் வசூலுக்கும் நம்மில் பலர் இன்று சொந்தக் காரில் போய் வருகிறோம். வாங்கி இரண்டு வருடம் ஆவதற்குள், வெயிலில் பார்த்தால் பானெட் மீது சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரிகின்றன. உடனே ஒர்க் ஷாப்பில் விட்டு, ரப்பிங் பாலிஷ் போடச் சொல்கிறோம். மாலையில் கார் கண்ணாடிபோல மின்னுகிறது. சில மாதங்களில் கோடுகள் மறுபடி வருகின்றன. மறுபடியும் ரப்பிங். இப்படியே போனால் காருக்கு என்ன ஆகும், கீறலை முறையாகப் போக்குவது எப்படி என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெயிண்டின் கனம் எவ்வளவு?

மைக்ரான் கணக்கு நமக்குப் புதிதல்ல. கேரி பேக் கனம் குறைந்தது 40 மைக்ரான் இருக்க வேண்டும் என்று 2011-ல் விதி வந்தது. 2016-ல் அது 50 ஆனது. 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120 என்று மத்திய அரசு உயர்த்தியது. அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் பைகளுக்கே தடை வந்துவிட்டது. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்.

காரின் தகட்டின் மேல் முதலில் துருப் பிடிக்காமல் காக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமில்லாத கிளியர் கோட் என்று வரிசையாகப் பூசுகிறார்கள். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். நாம் கடையில் கொடுத்துவந்த பழைய கேரி பேக்கின் கனம்தான். காருக்குப் பளபளப்பைத் தருவதும், வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் இந்த மெல்லிய பூச்சுதான்.

கீறல் என்பது கிளியர் கோட்டில் விழுந்த சிறு பள்ளம். பாலிஷ் போட்டால் அந்தப் பள்ளம் நிரம்பிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துத்தான் சமம் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பூச்சு கொஞ்சம் குறைகிறது. குறைந்தது திரும்ப வராது. வியாபாரத்தில் லாபத்தை எடுத்துச் செலவு செய்வது வேறு, முதலில் கை வைப்பது வேறு. பாலிஷ் போடுவது முதலில் கை வைக்கும் காரியம். அவசியம் இருந்தால் வைக்கலாம், அதுவும் அளவோடு.

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர், ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முன் தமது கறுப்புக் காருக்கு ரப்பிங் போட்டு வந்தார். ஐந்தாம் வருடம் பானெட்டின் விளிம்பில் நிறம் போய்ப் பிரைமர் வெளியே தெரிந்தது. பானெட்டுக்கு மட்டும் பெயிண்ட் அடித்ததில் நிறம் மற்ற பாகங்களோடு ஒட்டவில்லை. காரை விற்கப் போனபோது, "இது மோதிய வண்டியா?" என்று கேட்டே விலையைக் குறைத்துவிட்டார்கள். மோதாத வண்டிக்கு அந்தக் கதி.

கீறல் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நாம் துடைக்கும் துணியிலிருந்துதான். நமது கடை வாசலில் நிற்கும் காரில் ரோட்டு மண்ணும், மூட்டை இறக்கும்போது பறக்கும் உமித் தூசியும் படிகின்றன. உமியிலும் மணலில் உள்ள சிலிக்காவே இருக்கிறது. காலையில் கடைப் பையன் ஒரு பழைய துணியை எடுத்து, தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்தபடியே துடைக்கிறான். அந்தத் துணி அப்போது உப்புத்தாள் ஆகிவிடுகிறது. பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

ஆயுத பூஜையன்று பூசும் சந்தனம், குங்குமம், விபூதியும் காய்ந்த பிறகு வறட்டுத் துணியால் தேய்த்து எடுத்தால் கீறல் விழும். ஈரத் துணியைச் சற்று நேரம் போட்டு ஊறவைத்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கீறல்கள் வட்டமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. அவை எல்லாத் திசையிலும்தான் விழுந்திருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே உள்ளவை மட்டும் மின்னுவதால், சூரிய பிம்பத்தைச் சுற்றி வளையம்போலத் தெரிகின்றன.

எந்தக் கீறல் போகும்?

கழுவிய பிறகு விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடைபட்டால் அது ஆழமான கீறல். அதைப் பாலிஷால் முழுக்கப் போக்க முயன்றால் பூச்சுதான் போகும். டச்சப் பெயிண்ட் வைத்துவிடுவது நல்லது. நகம் தடைபடாமல், மேலே தண்ணீர் தெளித்ததும் கீறல் மறைந்தால், அது மேலோட்டமானது. பாலிஷுக்குக் கட்டுப்படும்.

செய்முறை

1. காரை நிழலில் நிறுத்துங்கள். தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கி, கார் ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

2. கழுவிய பிறகும் கையால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால், கிளே பார் என்ற களிமண் போன்ற பொருளை, அதற்குரிய திரவம் தெளித்து, அழுத்தாமல் தேய்த்து எடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் தார்ப் புள்ளியும் இரும்புத் துகளும் வந்துவிடும். அது கீழே விழுந்தால் திரும்ப எடுத்துத் தேய்க்கக் கூடாது.

3. ரப்பர் பீடிங், கறுப்புப் பிளாஸ்டிக், கூரான விளிம்புகள் மீது மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பூச்சு மெல்லியது, மெஷின் அங்கேதான் சீக்கிரம் தேய்த்துவிடும்.

4. முழுக் காரிலும் ஒரே நேரத்தில் இறங்காதீர்கள். ஓரிடத்தில், ஒன்றரை அடிச் சதுரத்தில், மென்மையான ஃபோம் பேடும் நைஸான பாலிஷும் வைத்துப் போட்டுப் பாருங்கள். அதிலேயே கோடு போய்விட்டால் காருக்கு அது போதும். போகாவிட்டால்தான் அடுத்த ரகம். ரப்பிங் கம்பவுண்ட் கடைசியில் வர வேண்டியது. அதைப் போட்டால், பின்னால் நைஸ் பாலிஷும் போட்டு அதன் தடத்தை நீக்க வேண்டும்.

5. மெஷினில் இரண்டு வகை உண்டு. ரோட்டரி மெஷின் ஒரே மையத்தில் வேகமாகச் சுழலும். ஓரிடத்தில் சற்று நின்றாலும் சூடேறிப் பெயிண்ட் கருகும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுழல்வதோடு ஆடவும் செய்வதால் சூடு குறைவு. கை பழகாதவர்களுக்கு இதுவே பாதுகாப்பு. சிறிய கீறலுக்குக் கையால் பாலிஷ் போட்டாலே போதும்.

6. பழைய கார்கள் சிலவற்றில் கிளியர் கோட் கிடையாது. பேடில் காரின் நிறமே ஏறினால், தேய்வது நிறப்பூச்சு என்று அறிந்து அளவாக நிறுத்துங்கள்.

7. முடிந்ததும் வாக்ஸ் பூசுங்கள். வாக்ஸ் கீறலைப் போக்காது, மேலே ஒரு காப்பாக நிற்கும்.

ஒர்க் ஷாப்பில் விடும்போது

எந்த மெஷின், எந்தப் பாலிஷ் என்று கேளுங்கள். பெயிண்ட் கனம் அளக்கும் கருவி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஓர் இடத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சாம்பிள் பார்க்காமல் நாம் மூட்டை எடுப்பதில்லையே!

டியூப் லைட் வெளிச்சத்தில் வண்டியை டெலிவரி எடுக்காதீர்கள். அதில் மெல்லிய கோடுகள் தெரியாது. வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சில பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் மெழுகும் பள்ளத்தில் நிறைந்து கீறலை மறைத்துவிடும். எண்ணெய் தடவிய பருப்பு மின்னுவதுபோலத்தான் இதுவும். வாக்ஸ் பூசுமுன், தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மென்மையான துணியில் தொட்டுத் துடைத்துக் காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

திரும்ப வராமல் இருக்க

உலர்ந்த தூசியைத் துணியால் தொடவே கூடாது. கழுவும்போது இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றொன்றில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி இருக்கட்டும். துடைக்க மைக்ரோஃபைபர் துணி நல்லது. தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மறுபடி தொடாதீர்கள். போர்த் தண்ணீரை அப்படியே காயவிட்டால் உப்புக் கறை படியும். உடனே ஒற்றி எடுங்கள். பறவை எச்சத்தைக் கண்டதும் ஈரத் துணியால் நீக்குங்கள், ஊறினால் பூச்சை அரித்துவிடும். மண்ணெண்ணெய் துடைப்பும் பற்பசைத் தேய்ப்பும் வேண்டாம். முதலாவது எண்ணெய்ப் படலத்தை விட்டுத் தூசியை ஒட்டவைக்கும். பற்பசையிலும் தேய்க்கும் பொடி இருக்கிறது, எவ்வளவு தேய்க்கும் என்பது நம் கையில் இல்லை.

வருடா வருடம் ரப்பிங் என்ற வழக்கத்தை விட்டு, வெயிலில் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மெல்லிய பாலிஷ் போடுங்கள். நாளைக் காலை கடை திறந்ததும், பையனிடம் அந்தப் பழைய துணியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைக் கொடுங்கள். கார் பெயிண்டுக்கு நாம் செய்யும் மலிவான பராமரிப்பு அதுதான்.