பிரசவத்துக்கு ஹிப்னாடிசப் பயிற்சியா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து பன்னிரண்டாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். "எதுக்கு அக்கா?" என்று ஊக்குநர் கேட்டார். "மகளுக்குத் தலைப்பிரசவம். டவுன்ல ஒருத்தர் ஹிப்னாடிசம் சொல்லித் தர்றாராம். வலியே தெரியாம பிள்ளை பொறக்குமாம். ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாமாம்" என்றார்.

பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் "எனக்கும் அந்த போன் நம்பர் குடுங்க" என்றார்கள். தீர்மான நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஊக்குநர் நம்மிடம் வந்தார். அதனால்தான் இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

ஹிப்னாடிசம் என்றால் என்ன?

மனோவசியம், அறிதுயில் என்றும் சொல்வார்கள். திருவிழா மேடையில் ஆளைத் தூங்க வைத்து ஆட வைக்கிறார்களே, அது வேறு. பிரசவத்துக்குச் சொல்லித் தருவதில் கர்ப்பிணி தூங்குவதில்லை. கண்ணை மூடி, மூச்சை நிதானமாக விட்டு, உடம்பைத் தளர்த்தி, மனதை ஒரே இடத்தில் நிறுத்துகிறாள். "வலி அலை மாதிரி வரும், போகும். நான் பயப்பட மாட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிப் பழகுகிறாள். யார் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் உடனே எழுந்து உட்காரலாம்.

பயந்தால் உடம்பு விறைக்கும், விறைத்தால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் கூடும். இங்கிலாந்து டாக்டர் கிராண்ட்லி டிக்-ரீட் 1942-இல் வந்த தன் புத்தகத்தில் இதை விளக்கினார். நம் பாட்டிமார் "பயப்படாதடி, மூச்சை இழுத்து விடு" என்று முதுகைத் தடவியதும் இதற்குத்தான்.

பலன் உண்டா?

உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். உலகின் பல நாடுகளில் நடந்த 9 ஆய்வுகளை, மொத்தம் 2,954 பெண்களின் விவரங்களை, 2016-இல் சேர்த்துப் பார்த்தார்கள். ஹிப்னாடிசம் பழகியவர்களில் வலி மருந்து கேட்டவர்கள் கொஞ்சம் குறைவாக இருக்கலாம் என்று தெரிந்தது. முதுகில் போடும் வலி மறப்பு ஊசியின் தேவை குறைந்ததாகத் தெரியவில்லை. சுகப்பிரசவம் கூடியது என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இங்கிலாந்தில் தலைப்பிரசவப் பெண்கள் 680 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதிலும் முதுகு ஊசி போட்டுக்கொண்டவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பயமும் பதற்றமும் அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அங்கே சொல்லிக் கொடுத்தது பயிற்சி பெற்ற செவிலியர்கள். இரண்டே வகுப்புதான், வீட்டில் கேட்க ஒரு சி.டி. பிரசவம் நடந்தது ஆஸ்பத்திரி கவனிப்பில்.

ஆக, பயத்தைக் குறைக்க இது உதவலாம். "வலியே இருக்காது", "ஆபரேஷனே வராது" என்பது வியாபாரப் பேச்சு.

மனதால் நிறுத்த முடியாதவை

உதிரப்போக்கு, வலிப்பு, ரத்தக் கொதிப்பு, குழந்தை குறுக்கே கிடப்பது ஆகியவை எந்த மந்திரத்துக்கும் கட்டுப்படாது. பிள்ளை பிறந்த பிறகு உதிரம் நிற்காமல் போனால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு தாய் உதிரப்போக்கால் இறந்தார். அதில் ஹிப்னாடிசம் இல்லை. ஆனால் "ஆஸ்பத்திரி வேண்டாம்" என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது போதும்.

அரசு என்ன சொல்கிறது?

மத்திய சுகாதாரத் துறை 2003 நவம்பரில் ஒரு உத்தரவு போட்டது. ஹிப்னாடிச சிகிச்சையை ஒரு சிகிச்சை முறையாக, பதிவு பெற்ற மருத்துவர்களோ முறையாகப் பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்றது. அங்கீகாரம் இல்லாத முறைகளைச் செய்கிறவர்கள் பேருக்கு முன்னால் "டாக்டர்" போடக் கூடாது என்றும் சொன்னது. போர்டில் டாக்டர் என்று இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. நீங்க என்ன படிச்சிருக்கீங்க? மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மனநல உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். செவிலியருக்கும் பதிவு உண்டு. இரண்டு நாள் வகுப்புச் சான்றிதழ் மட்டும் போதாது.

2. இதுவரை எத்தனை கர்ப்பிணிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க? அவர்களில் இருவரிடம் நாங்கள் பேசலாமா?

3. பிரசவம் எங்கே நடக்கணும்? "ஆஸ்பத்திரியில்தான்" என்று சொல்லாதவரிடம் அடுத்த கேள்வியே வேண்டாம்.

4. மாத்திரை, ஊசி, ஸ்கேன் இதையெல்லாம் நிறுத்தச் சொல்வீங்களா? "ஆமா" என்றால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

5. வலிப்பு நோயோ மனநோயோ முன்பு இருந்ததா என்று அவர் நம்மைக் கேட்கிறாரா? இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பயிற்சி கூடாது. இதைக் கேட்காதவருக்குத் தொழில் தெரியவில்லை.

6. அம்மாவோ மாமியாரோ வீட்டுக்காரரோ கூட உட்காரலாமா? பூட்டிய அறையில் தனியாக வரச் சொன்னால் போகவே கூடாது.

7. மொத்தம் எவ்வளவு பணம், ரசீது உண்டா, பிடிக்கவில்லை என்றால் மீதிப் பணம் திரும்ப வருமா?

செலவில்லாமல் செய்யக் கூடியது

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்ன யோசனைகளில் மூச்சுப் பயிற்சி, உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, பாட்டுக் கேட்பது, பிரசவ அறையில் விருப்பமான ஒருவர் துணையாக இருப்பது எல்லாமே இருக்கின்றன. ஏழாம் மாதத்திலிருந்து தினமும் கால் மணி நேரம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடலாம். நெற்றி, தாடை, தோள், கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். துணைக்கு வரப்போகிறவரும் கூடவே பழக வேண்டும். பயிற்சி நடுவே தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

உதிரம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல் வந்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ பயிற்சி செய்துகொண்டு இருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

அந்த அக்கா என்ன செய்தார்?

நாமும் அவர்கூட உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போன் போட்டோம். மூன்றாவது கேள்வியிலேயே எதிர்முனையில் லைனைத் துண்டித்துவிட்டார்கள். பிறகு மகளிடம் பேசினோம். ரொம்ப நேரம் தலைகுனிந்து இருந்தவள், "வலிக்கு நான் பயப்படல. எங்க சித்தி மாதிரி செத்துப் போயிடுவேனோன்னுதான் பயம்" என்றாள். பெற்ற அம்மாவுக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிராம சுகாதாரச் செவிலியர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, சித்திக்கு நடந்தது என்ன, இவளுக்கு அப்படி ஆகாமல் இருக்க என்னென்ன பார்த்திருக்கிறார்கள் என்று அட்டையைக் காட்டி விளக்கினார். பிரசவ வார்டைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அக்கா மூவாயிரம் மட்டும் கடன் வாங்கினார், ஆஸ்பத்திரி போய்வரும் செலவுக்கு. மகளுக்கு வலி இருந்தது. "கத்தத்தான் செஞ்சேன். ஆனா அம்மா கைய விடல" என்று பிறகு சொன்னாள். தாயும் பிள்ளையும் நலம்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

• நம் குழுக் குடும்பங்களில் இப்போது கர்ப்பிணிகள் யார் யார்? அவர்களுக்கு எதைப் பற்றிப் பயம் என்று கேட்டிருக்கிறோமா?

• பிரசவ அறையில் யார் துணை? ராத்திரியில் வலி எடுத்தால் வண்டிக்கு யார் போன் செய்வது?

• மருத்துவம் என்று சொல்லி உள்கடன் கேட்டால் இந்த ஏழு கேள்விகளுக்கும் பதில் வாங்கிய பிறகே கொடுப்பது என்று தீர்மானம் போடலாமா?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.