இரவுக்கும் ஒளி: மொராக்கோவின் 'நூர்'

சூரிய ஆற்றலின் பெருங்குறை, அந்தி சாய்ந்ததும் அது நின்றுவிடுவதே. மின்தேவையோ அப்போதுதான் மிகுகிறது. இதற்கு விடை காண மொராக்கோ நாட்டில், வர்சாசாத் நகரை அடுத்த வறண்ட நிலத்தில் எழுந்ததே 'நூர்' மின்நிலையம். 'நூர்' எனும் அரபுச் சொல்லுக்கு ஒளி என்பது பொருள். அதன் முதற்பகுதி 2016இல் இயங்கத் தொடங்கியது. 2018இல் மின்வழங்கத் தொடங்கிய மூன்றாம் பகுதியில், ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் கதிரொளியை ஏறத்தாழ 250 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் குவிக்கின்றன. அங்கே உருகிய உப்பு 500 பாகைக்கு மேல் சூடேறுகிறது. அச்சூட்டைத் தொட்டியில் காத்து, இரவில் நீரை ஆவியாக்கிச் சுழலியை 7 மணி நேரம் வரை இயக்கலாம். உப்பெனினும் எளிதில் அடங்குவதன்று. 2024இல் தொட்டி கசிந்து அப்பகுதி நெடுநாள் முடங்கிற்று. இதற்கிடையே ஒளிமின் தகடுகளும் மின்கலங்களும் பெரிதும் விலை குறைந்துள்ளன. ஆதலின், இனிவரும் நிலையங்களில் உப்புத் தொட்டியின் இடத்தை மின்கலமே பெரும்பாலும் கொள்ளும் எனத் தோன்றுகிறது.