வானூர்தியும் வழிகாட்டுங் கருவியும்

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை நெசவுத் தொழிலாற் பெயர் பெற்ற ஊர். அங்குத் தறியின்முன் சிறிது நேரம் நின்று பார்த்தவர், நீளவாட்டில் ஓடும் பாவு நூலையும், குறுக்கே ஓடும் ஊடை நூலையும் கண்டிருப்பர். இத்தனையாவது பாவும் இத்தனையாவது ஊடையும் கூடும் இடம் என்று கூறிவிட்டால், சேலையின் எப்புள்ளியையும் தவறாமற் சுட்டலாம். நிலவுலகின்மீதும் அறிஞர் இத்தகைய கோடுகளைக் கற்பனையால் வரைந்துள்ளனர். வடக்குத் தெற்காக ஓடுவன தீர்க்க ரேகைகள். கிழக்கு மேற்காக ஓடுவன அட்ச ரேகைகள். இளம்பிள்ளை ஏறத்தாழ 11 பாகை 36 கலை வட அட்சத்திலும், 78 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் அமைந்துள்ளது. தரையில் நடப்போன் ஊரை வழிப்போக்கரிடம் கேட்டறிவான். வானிற் பறப்போனுக்கோ இவ்விரண்டு எண்களே விலாசம்.

இவ்வூருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில், சேலம் விமான நிலையம் உள்ளது. பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்களுக்குத் தரையிலிருந்து வழி கூறுவோர் உளர். உள்ளே பல கருவிகளும் உள. ஆயின், வானிற் செல்வன யாவும் பெரிய விமானங்கள் அல்ல. ‘அல்ட்ராலைட்’ என்றும் ‘மைக்ரோலைட்’ என்றும் வழங்கப்படும் இலகு வானூர்தி ஒருவரோ இருவரோ அமரத்தக்கது. அதன் எடை சில நூறு கிலோகிராமே. சிலவற்றில் உலோகக் குழாய்ச் சட்டமும் துணியிறகும் சிறு எஞ்சினும் அன்றி, ஓட்டுவோனைச் சுற்றிச் சுவர்கூட இராது. நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவினர் இவ்வகை ஊர்தியிற் பறக்கப் பயில்கின்றனர். விஜய்பத் சிங்கானியா என்னும் தொழிலதிபர் 1988-ஆம் ஆண்டில் இத்தகைய ஊர்தியொன்றில் இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு 23 நாளிற் பறந்து வந்து புகழ் பெற்றார்.

இச்சிற்றூர்திக்கு வழிகாட்டுங் கருவி ஏன் வேண்டும்? காற்றே அதற்குக் காரணம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பர் நம் முன்னோர். தென்மேற்குப் பருவக்காற்றுப் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து கொங்கு நாட்டில் வீசுவதை நாம் அறிவோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகமுள்ள ஓர் ஊர்தி 60 கிலோமீட்டர் செல்லவேண்டும் என்று கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று எதிரே வீசினால், பயணத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதே காற்றுப் பின்னே வீசினால் 36 நிமிடம் போதும். பக்கத்தே வீசினாலோ, ஊர்தியின் மூக்கை நேரே நிறுத்திச் செலுத்துவோன் ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டர் வழி விலகிப் போயிருப்பான். தொட்டியிலுள்ள எரிபொருள் காற்றுக்கு ஏற்ப வளர்வதில்லை. தான் இருக்கும் இடம் யாது, நிலத்தைக் கடக்கும் வேகம் எவ்வளவு, சேருமிடம் எத்திசையில் எவ்வளவு தொலைவில் உள்ளது என்னும் மூன்றையும் அறியாதவன் உயிருக்கே இடர் நேரும்.

இம்மூன்றையும் நொடிதோறும் கூறுவதே ‘ஜி.பி.எஸ்.’ என்னும் இடங்காட்டும் கருவி. அமெரிக்க நாட்டார் நிறுவிய செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும், “நான் இருக்கும் இடம் இது, இப்பொழுது நேரம் இது” என்று வானொலி அலையால் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கையிலுள்ள கருவி விண்ணை நோக்கி ஒன்றும் பேசுவதில்லை. கேட்க மட்டுமே செய்கிறது. அலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு அது தொலைவைக் கணக்கிடும். வானொலி அலை ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆதலின், நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழைபடும். கருவியிலுள்ள கடிகாரம் அத்துணை நுட்பமானது அன்று. எனவே, இடத்தை அறிய மூன்று கோள்களும், கடிகாரப் பிழையைத் திருத்த ஒன்றும் ஆகக் குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும்.

இவ்வமைப்பு 1995-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. உருசியா, ஐரோப்பா, சீனம் ஆகியனவும் தத்தம் கோள்களை நிறுவின. நம் நாடு ‘நாவிக்’ என்னும் அமைப்பின் முதற் கோளை 2013-இல் ஏவியது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய விமான நிலையங்களின் ஆணையமும் கூடி, ஜி.பி.எஸ். தரும் இடத்தை மேலும் திருத்திக் கூறும் ‘ககன்’ என்னும் அமைப்பை நிறுவின. ககனம் எனில் வானம், பெயர் பொருத்தமானதே.

இனி, இலகு வானூர்தி ஓட்டுவோன் எத்தகைய கருவியைத் தேர்ந்து கொள்ளவேண்டும் என்பதை ஆராய்வோம். கடையில் நிழலில் நின்று பார்க்கையில் எல்லாக் கருவிகளும் அழகியனவே. காற்று அலைக்க, வெயில் கண்ணிற் பட, ஒரு கை ஊர்தியைப் பற்றியிருக்க, வழி தவறிய வேளையில் எது பயன்படும் என்று எண்ணிப் பார்த்தே கொள்ளல் வேண்டும்.

முதலாவது, கருவி வானுக்கு உரியதாதல் வேண்டும். மோட்டார் வண்டிக்குச் செய்த கருவி சாலையையே நினைந்து, “அடுத்த முனையில் இடப்புறம் திரும்புக” என்று கூறும். வானில் முனையும் இல்லை, சந்தும் இல்லை. நேர்கோட்டில் சேருமிடத்தின் திசையும், தொலைவும், விலகிய அளவும், அண்மையிலுள்ள இறங்குமிடமும் காட்டும் கருவியே வேண்டும். விமான நிலையங்களைச் சூழ்ந்த, அனுமதியின்றிப் புகலாகாத வான்வெளிகளும் அதன் படத்திற் குறிக்கப்பட்டிருத்தல் நன்று. அப்படம் நம் நாட்டுக்கு உரியதா, புதுப்பிக்கத்தக்கதா என்று கேட்டறிதல் வேண்டும். ஒரு நாட்டார் கோள்களை மட்டுமன்றிப் பல நாட்டார் கோள்களையும் கேட்க வல்ல கருவி சிறந்தது; ஒன்று மறைந்துழி மற்றொன்று உதவும்.

இரண்டாவது, அது கண்ணுக்கும் கைக்கும் இசைதல் வேண்டும். சித்திரை மாதத்துச் சேலம் வெயிலில் திரையிலுள்ள எழுத்துத் தெரிகிறதா என்று வெட்டவெளியிற் பிடித்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும். கைப்பேசி இப்பணியைச் செய்யுமாயினும், வெயிலிற் சூடேறி ஒளி மங்குதலும், அணைந்துவிடுதலும் உண்டு. விரலால் தொட்டு இயக்கும் திரை வீட்டில் எளிது. ஊர்தி குலுங்குங்கால் விரல் ஓரிடம் தொட, கருவி வேறொன்றைக் காட்டும். கையுறை அணிந்தும் அழுத்தத்தக்க பொத்தான்கள் சிலவேனும் இருத்தல் நலம்.

மூன்றாவது, மின்கலம் பயண நேரத்தினும் நெடிது உழைத்தல் வேண்டும். மூன்று மணி நேரம் பறப்போனுக்கு மூன்று மணி நேர மின்கலம் போதாது. ஊர்தியிலிருந்தே மின்சாரம் பெறும் வசதியும் இருப்பின் சாலச் சிறந்தது. கருவியைத் தாங்கியிற் பொருத்துவதோடு, கயிற்றாலும் பிணைத்தல் கட்டாயம். சுவரில்லா இலகு ஊர்திகள் பலவற்றில் சுழல்விசிறி ஓட்டுவோனுக்குப் பின்னே உள்ளது. நழுவிய கருவி அவ்விசிறியிற் பட்டால் விசிறி முறியும். ஆதலின் ஐந்து ரூபாய்க் கயிற்றை ஒருவரும் எளிதென்று எண்ணலாகாது.

நான்காவது, கருவி காட்டும் உயரம் எதனின்று அளக்கப்பட்டது என்று அறிதல் வேண்டும். உயரம் 3,000 அடி என்று திரை காட்டினால், இளம்பிள்ளை வயலுக்கு மேலே 3,000 அடியில் இருக்கிறோம் என்பது பொருளன்று. அது கடல் மட்டத்தினின்று கொண்ட கணக்கு. சேலத்துச் சமவெளியே கடல் மட்டத்துக்கு மேல் 900 அடிக்குக் குறையாமல் இருப்பதால், கால்களுக்குக் கீழே எஞ்சுவது ஏறத்தாழ 2,000 அடியே. அண்மையிலுள்ள கஞ்சமலையோ கடல் மட்டத்துக்கு மேல் 3,000 அடிக்கு மேற்பட்டது. சேர்வராயன் மலை 5,000 அடிக்கு மேற்பட்டது. 3,000 அடி என்னும் எண்ணை நம்பி மூடுபனியிற் செல்வோன், மலைக்கு மேலே அன்று, மலையை நோக்கியே செல்வான். முன்னே மலை உண்டு என்று எச்சரிக்கும் கருவிக்குச் சிறிது மிகுதியாகப் பொருள் கொடுத்தாலும் தகும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. செயற்கைக்கோள் முதலில் தருவது, உலகை ஒரு சீரான நீள்வட்ட உருண்டையாகக் கொண்டு அளந்த உயரம். உண்மைக் கடல் மட்டமோ எங்கும் அவ்வுருண்டையோடு பொருந்துவதில்லை. தென்னிந்தியாவிலும் அதன் தெற்கிலுள்ள கடலிலும் அது மிகவும் தாழ்ந்துள்ளது. சேலத்தில் இத்தாழ்வு ஏறத்தாழ 90 மீட்டர், அஃதாவது 300 அடி. திருத்தமில்லாக் கருவி இங்கு உண்மையினும் 300 அடி குறைத்தே கூறும். மேலும், வானிற் செல்வோர் பலரும் காற்றழுத்த உயரமானியையே பொது அளவாகக் கொண்டு ஒருவர்க்கொருவர் விலகிச் செல்கின்றனர். ஆகவே கருவி வந்தபின்னும் உயரமானி வேண்டும்.

ஐந்தாவது, எண்ணை எழுதும் முறையைத் தெளிதல் வேண்டும். ஒரு பாகைக்கு 60 கலை. ஆதலின் 11 பாகை 36 கலை என்பதைத் தசமத்தில் எழுதினால் 11.60 ஆகும். இதை 11.36 என்று கருவியில் இட்டவன், இளம்பிள்ளைக்குத் தெற்கே ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தள்ளி, திருச்செங்கோட்டுக்குக் கிழக்கேயுள்ள வயல்வெளிக்குச் சென்று சேர்வான். கருவி பிழை செய்யவில்லை. இட்டதற்கு உரிய இடத்தையே காட்டிற்று. எந்த முறையில் எழுதப்படுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் கருவியைக் கொள்க. இட்ட எண்ணைப் படத்தோடு ஒத்துப் பார்த்த பின்னரே தரையை விட்டு எழுக.

ஆறாவது, சட்டத்தையும் எண்ணுதல் வேண்டும். கோள்களின் அலையைக் கேட்க மட்டும் செய்யும் கருவிக்கும், கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிக்கும் வேறுபாடு உண்டு. பின்னதை நம் நாட்டில் அரசின் அனுமதியின்றி வைத்திருத்தல் குற்றம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு வாங்கி வந்தார் என்பது விடையாகாது.

இத்துணையும் ஆராய்ந்து கொண்ட கருவியை முழுதும் நம்பிவிடலாமோ? 20,200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் அலை மிக மெலிந்தது. போர் நிகழும் இடங்களின் அருகே அதை அடக்குவதும், பொய்யலை அனுப்பி ஏமாற்றுவதும் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்துள்ளன. ஆதலின் அச்சிட்ட படமும் காந்த ஊசியும் உடனிருத்தல் வேண்டும். காந்த ஊசிக்கும் குறை உண்டு. கஞ்சமலையிலுள்ள காந்தத் தன்மை வாய்ந்த இரும்புக் கனிமம் போன்றவற்றின் அருகே அது திசை திரியும். எனினும், இரண்டு சாட்சிகள் ஒத்துக் கூறுவதை நம்பலாம். முரணிக் கூறினால் உடனே ஐயுறலாம். ஒரே சாட்சி உள்ளவனுக்கு ஐயுறவும் வழியில்லை.

இதன் உண்மையை 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் உலகம் அறிந்தது. அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து தென்கொரியத் தலைநகர் சியோலுக்குச் சென்ற கொரிய விமானம் ஒன்று, சிறிது சிறிதாக வழி விலகிச் சோவியத்து நாட்டு வான்வெளியிற் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். தானே செலுத்தும் பொறி, வழிகாட்டும் கருவியோடு இணையாமல் ஒரே திசையைப் பற்றிச் சென்றதை விமானிகள் உணரவில்லை என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். கருவிகள் இருந்தன, அவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பார் இலர். அம்மாதத்திலேயே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரேகன், ஜி.பி.எஸ். அமைப்பு முடிவுற்றதும் உலக மக்கள் யாவரும் அதைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார். இன்று ஓர் இளைஞன் கையிலடக்கி வானேறும் கருவிக்குப் பின்னே அத்துணை உயிர்களின் இழப்பு நிற்கிறது.

தறியில் ஓர் இழை அறுந்தால், தேர்ந்த நெசவாளர் அப்பொழுதே தறியை நிறுத்தி இழையை முடிந்த பின்னரே மேற்செல்வர். வானிற் பறப்போன் ஊர்தியை நிறுத்த இயலாது. ஆதலின் அவன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையை நோக்கிய கண்ணைக் கீழேயும் செலுத்தி, அதோ ஏரி, இதோ இருப்புப்பாதை, வலப்புறம் கஞ்சமலை என்று கருவி கூறுவதோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே செல்லவேண்டும். அவ்வாறு பார்க்கப் பழகியவன், கருவி வாய் மூடிய வேளையிலும் வீடு வந்து சேர்வான்.