ஜூலை 1-க்கு முன்: அறுவைப் பயிற்சிக்குச் செல்வோருக்கு

அயல்நாட்டில் பட்டம் பெற்று, அமெரிக்க மருத்துவமனையொன்றில் ஜூலை 1 அன்று அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்குப் பிரவேசிக்கவிருக்கும் மருத்துவருக்கு நெஞ்சு படபடக்கும் வாரங்களில் செய்யத்தக்கவை:

1. நாம் பாரசிட்டமால் என்பதை அங்கே அசிட்டமினோஃபென் என்றும், அட்ரினலினை எபிநெஃப்ரின் என்றும், சால்பியூட்டமாலை ஆல்பியூட்டரால் என்றும் வழங்குவராதலால், அந்நாமங்களை இப்போதே நாவிற்குப் பழக்குங்கள். நள்ளிரவில் செவிலியர் தொலைபேசியில் வினவுங்கால் யோசிக்க அவகாசம் இராது.

2. நாற்காலிக் கையில் நூலைக் கட்டி, கையுறை அணிந்து, இரு கை முடிச்சைத் தினந்தோறும் பதினைந்து நிமிஷம் அப்பியாசம் செய்யுங்கள். விரல் பழகினால் நடுக்கம் தணியும். (முதல் நாளே பெரிய சிகிச்சையை எவரும் உங்களிடம் ஒப்படைக்கப்போவதில்லை!)

3. சந்தேகம் தோன்றினால் மூத்தவரை உடனே அழையுங்கள். தாமதமே அங்கே பெருங்குற்றம்.

4. மருத்துவமனைக்கு அருகிலேயே வீடு பாருங்கள். வேலை வாரத்துக்கு 80 மணி நேரம் வரை நீளக்கூடுமாதலால், பிரயாணத்தில் மிச்சமாகும் நேரம் உறக்கத்துக்கு உதவும்.