தலையிடியும் கலண்டரும்

"சுவாமி, இவவுக்கு ஒண்டுமில்லையாம். ஸ்கான் எடுத்துப் பாத்தாச்சு" என்றார் அந்தக் கடற்றொழிலாளி. நல்ல செய்தி சொல்பவரின் குரல் அல்ல அது. கோபம் தொனித்தது. அந்த ஒரு படத்துக்காக மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. "ஒண்டுமில்லையெண்டா ஏன் மாதத்தில பாதி நாள் பாயில கிடக்கிறா?" மனைவி பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரின் சம்மதத்தோடும், பெயரும் ஊரும் சொல்லாமலும் அவர்களுடைய கதையை இவ்வாரம் எழுதுகிறேன். மணமுடிக்காத குருவுக்குக் குடும்பத்துத் தலையிடியைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் தலையிடிக்காரர்களைவிட, தலையிடிக்காரரோடு வாழ்பவர்களே அறைவீட்டுக்கு அதிகம் வருகிறார்கள்.

முதலில் அந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லைப் பார்ப்போம். மூளையில் கட்டி உண்டா, இரத்தக் கசிவு உண்டா என்ற கேள்விகளுக்கே ஸ்கான் பதில் சொல்லும். வலி உண்டா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. ஒற்றைத் தலையிடி எனப்படும் மைக்ரேன் எந்தப் படத்திலும் பிடிபடுவதில்லை. நோயாளி சொல்வதைக் கேட்டே வைத்தியர் அதைக் கண்டுபிடிக்கிறார். மருந்தெடுக்காவிட்டால் 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நிற்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் விண் விண் என்று இடிக்கும். சத்தி வரும். வெளிச்சமும் சத்தமும் பொறுக்கமுடியாது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். படத்தில் தெரியவில்லை என்பதற்காக மனைவி நடிக்கிறாள் என்று எண்ணுவது, காற்று கண்ணுக்குத் தெரியவில்லை என்று கடலுக்குப் போவதைப் போன்றது. இதை அந்த மனிதருக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்தது பணம். அரசாங்க உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. கடற்றொழிலாளிக்கும் மேசனுக்கும் கடைச் சிப்பந்திக்கும் அப்படி ஒன்றுமில்லை. காப்புறுதி இருந்தால் தப்பியிருப்போம் என்று இவர்கள் ஏங்குவதுண்டு. உண்மையைச் சொன்னால், தனியார் மருத்துவக் காப்புறுதிகளில் அநேகமானவை வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கே பணம் கொடுப்பவை. முன்பே இருக்கும் வருத்தத்தை ஏற்கத் தயங்குபவை. மாதாமாதம் வந்துபோகும் தலையிடிக்கு அவை பெரிதாக உதவுவதில்லை. நமக்கு இருப்பது அரசாங்க வைத்தியசாலை. அங்கே வைத்தியருக்கும் கிளினிக்குக்கும் கட்டணம் இல்லை. ஆயினும் பஸ் காசும், இழந்த ஒரு நாள் உழைப்பும், விடியற்காலையில் போய் நம்பர் எடுக்கும் அலைச்சலும் உண்டு. அவற்றை நான் சிறிதாக எண்ணவில்லை.

சங்கிலியை விழுங்கிய ஸ்கானுக்குப் பிறகு, அயலவர் ஒருவரின் சொற்கேட்டு அவர்கள் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனார்கள். வெளிநோயாளர் பிரிவிலிருந்து கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே வைத்தியர் இரண்டே கேள்விகள் கேட்டார்: மாதத்தில் எத்தனை நாள் இடிக்கிறது? எத்தனை நாள் குளிசை போடுகிறீர்கள்? இருவருக்கும் தெரியவில்லை. "அடிக்கடி" என்றார் மனைவி. "எப்பவும்" என்றார் கணவர். எழுதிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த மாதம் முழுவதும் கணவர் எழுதினார். சுவரில் தொங்கிய கலண்டரில், இடித்த நாளுக்கு ஒரு புள்ளடி. குளிசை போட்டால் பக்கத்தில் எண்ணிக்கை. மாதவிலக்கு நாளுக்கு ஒரு வட்டம். நித்திரை முழித்த நாளுக்கும், சாப்பாடு தவறிய நாளுக்கும் ஒவ்வோர் எழுத்து. வலியில் கிடப்பவரால் கணக்கு வைக்க முடியாது. வாழ்க்கைத் துணைதான் வைக்கவேண்டும். மாத முடிவில் எண்ணியபோது 22 புள்ளடிகள். குளிசை போட்ட நாட்கள் 19. பெட்டிக்கடையில் இரண்டிரண்டாக வாங்கியதால் யாருடைய கண்ணிலும் படாத கணக்கு அது.

வைத்தியருக்கு அந்தக் கலண்டர் ஸ்கானைவிடப் பெறுமதியாயிருந்தது. மூன்று மாதத்துக்கு மேலாக, மாதம் 15 நாளோ அதற்குக் கூடவோ பரசிற்றமோல், அஸ்பிரின் போன்ற வலிக்குளிசை எடுத்தால் அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கும். கோடீன் கலந்தவை, பல மருந்து சேர்ந்த கூட்டுக் குளிசைகள் என்றால் 10 நாளே போதும். நோய்க்காக மருந்து, மருந்தால் நோய் என்று சுற்றிக்கொண்டே போகும். பனடோல் பாவமறியாதது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. 500 மில்லிகிராம் குளிசை வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 8க்கு மேற்பட்டால் ஈரலுக்கு ஆபத்து என்பதையும் நினைவிற் கொள்க.

வலிக்குளிசையை நிறுத்தச் சொன்னார் வைத்தியர். நிறுத்தியதும் சுகம் வரவில்லை. முன்னைவிட மோசமாக இடித்தது. இது 2 முதல் 10 நாள் வரை இருப்பது வழக்கம். (கோடீன் போன்றவற்றை நெடுநாள் எடுத்தவர்கள் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தக்கூடாது.) அந்த நாட்களில் கணவர் கடலுக்குப் போகவில்லை. சமைத்தார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். "இஞ்சேருங்கோ, ஒரே ஒரு குளிசை" என்று மனைவி அழுதபோது கொடுக்காமல் பக்கத்தில் இருந்தார். திருமண நாளில் நோயிலும் கைவிடேன் என்று வாக்குக் கொடுத்தபோது, குளிசை கொடுக்காமல் இருப்பதும் அதில் அடங்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

பிறகு, தலையிடி வராமல் தடுக்க இரவில் அமிற்றிப்டிலின் சிறிய அளவில் கொடுக்கப்பட்டது. இங்கேதான் பல வீடுகளில் கெடுகிறது. "இது மனநோய்க் குளிசையெல்லோ?" என்று யாராவது சொல்வார்கள், அன்றோடு நிறுத்திவிடுவார்கள். பெரிய அளவில் அது மனச்சோர்வுக்கு உதவும். சிறிய அளவில் தலையிடியைத் தடுக்கும். புரோப்ரனோலோல் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படும் மருந்து. தொய்வு உள்ளவர்களுக்கு ஆகாது. கருவுற எண்ணமுள்ளவர்கள் அதை வைத்தியருக்குச் சொல்லவேண்டும். சில தடுப்பு மருந்துகள் சிசுவுக்குத் தீங்கானவை. எதுவானாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் செல்லும்.

2022 இன் நெருக்கடியில் நாம் கண்டதுபோல, வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் வெளியே வாங்கத் துண்டு தரும் நாளும் வரலாம். அப்போது கம்பனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி விலை கேளுங்கள். பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்து போராடியது இதற்காகத்தான். மேற்சொன்ன இரண்டும் பழைய மருந்துகள், விலை குறைந்தவை.

காத்திருக்கக் கூடாத தலையிடியும் உண்டு. இடி விழுந்ததுபோல் திடீரென்று உச்சத்துக்குப் போவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. கைகால் சோர்வது, வாய் கொன்னுவது, பார்வை மங்குவது. தலையில் அடிபட்டபின் வருவது. கர்ப்பத்திலோ பிரசவத்தின் பின்னோ கடுமையாக வருவது. 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்குவது. இவற்றுக்குக் கலண்டர் தேவையில்லை. உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். 1990 அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டிலே துணைவர் செய்யக்கூடியவை சாதாரணமானவை. அறையை இருட்டாக்குவது, வானொலியை நிறுத்துவது, தண்ணீர் கொடுப்பது, சொந்தக்காரர் வந்தால் வாசலில் வைத்தே பேசி அனுப்புவது. "உனக்கு எப்பவும் இதுதான்" என்ற சொல்லை விழுங்கிவிடுவது. சத்தத்தைப் பற்றி எழுதும்போது என் மனச்சாட்சி உறுத்துகிறது. திருவிழாக் காலத்தில் நம் கோவில் ஒலிபெருக்கி விடியற்காலை தொடங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டில் யார் தலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை.

அந்தப் பெண்மணிக்கு முற்றாகச் சுகம் வந்துவிடவில்லை. சென்ற மாதம் 6 புள்ளடிகள். சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது. தவக்காலம் வரும்முன் என்னிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சாப்பாடு தவறினா இடிக்குது சுவாமி, ஒருசந்தி பிடிக்காமல் விட்டால் பாவமோ?" பாவமில்லை அம்மா. நோயாளியைத் திருச்சபை ஒருசந்திக்குக் கட்டாயப்படுத்துவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஒருசந்தியை உங்கள் கணவர் பிடிக்கட்டும்.